அடிபட்ட கடா ஏன் விழவில்லை?

அரிசோனாவில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்திருக்கும் நண்பர் கேட்டது இது: “இரும்பு விலங்குகளை நிறுத்திச் சுடும் சில்லவுட் போட்டிக்கு இலக்குகளை அடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. போன போட்டியில் 500 மீட்டரில் நின்ற கடாவில் குண்டு பட்டு ‘டங்’ என்று சத்தம் கேட்டது. ஆனால் விழவில்லை. பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. கடாவின் பாதத்தை, அது நிற்கும் தாங்கியின் பின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வைத்தால் சரியாகும் என்கிறார்கள். அப்படி வைக்கலாமா? சரியான முறை என்ன?”

தள்ளி வைக்கலாமா என்பது மேலே தெரியும் கேள்விதான். ஒரே குண்டு ஒரே இடத்தில் பட்டால் முதல் கடாவும் ஐந்தாவது கடாவும் ஒன்றுபோல விழுமா, காலையில் சுட்டவருக்கும் மாலையில் சுடுபவருக்கும் அதே நியாயம் கிடைக்குமா என்பதுதான் உண்மையில் அவர் கேட்பது. எவ்வளவு தள்ளுவது என்பதைவிட எல்லாவற்றையும் ஒரே அளவில் நிறுத்துவதே பெரிய வேலை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது மெக்சிகோவில் பிறந்த விளையாட்டு. முதலில் உயிருள்ள கோழியையும் ஆட்டையும் கட்டிவைத்துச் சுட்டார்கள். 1948-இல் மெக்சிகோ நகரில் இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்கள் அந்த இடத்துக்கு வந்தன. அமெரிக்காவில் தேசிய ரைபிள் சங்கம் 1973-இல் இதைத் தன் போட்டிகளில் சேர்த்துக்கொண்டது. பெரிய ரைபிளுக்குக் கோழி 200 மீட்டர், ஹவலீனா என்கிற பன்றி 300, வான்கோழி 385, பொர்ரேகோ என்கிற செம்மறிக்கடா 500. ஐந்து உருவங்கள் ஒரு வரிசை. இடமிருந்து வலமாக, ஆளுக்கு ஐந்து குண்டு, இரண்டரை நிமிடம், நின்றபடியே சுட வேண்டும். தாங்கியிலிருந்து விழுந்தால்தான் புள்ளி. பட்டுத் திரும்பி நின்றாலும், மணிபோல ஒலித்துவிட்டு அப்படியே நின்றாலும், தவறியதாகவே கணக்கு. உங்கள் போட்டியில் ‘விழவில்லை, புள்ளி இல்லை’ என்று நடுவர் சொன்னது சரி. கடா அப்படி நின்றதற்குக் காரணம் சுட்டவரா, அடுக்கியவரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் கணக்கு போட்டால் விஷயம் துலங்கும். முழு அளவுக் கடா சுமார் 80 செ.மீ. நீளம், 68 செ.மீ. உயரம், எடை ஏறக்குறைய 23 கிலோ. எடையின் மையம் பாதத்திலிருந்து சுமார் 38 செ.மீ. உயரத்தில் இருக்கும். காலுக்கடியில் வெல்டு செய்த பாதத் தகடு முன்பின்னாக 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உருவம் நடுவில் நிற்பதால் அதற்குப் பின்னால் 5 செ.மீ. பாதம் இருக்கிறது. பின்பக்கம் சாய வேண்டுமானால் எடை மையம் அந்த 5 செ.மீட்டரைத் தாண்டியாக வேண்டும். .308 ரைபிளின் (எண், அங்குலத்தில் குண்டின் விட்டம்) 10.9 கிராம் குண்டு 500 மீட்டரை எட்டும்போது நொடிக்கு 500 மீட்டர் வேகத்தை ஒட்டி வரும். எடையும் வேகமும் சேர்ந்த அந்த உந்தம் இந்தக் கடாவைத் தள்ள, குண்டு பாதத்திலிருந்து சுமார் 44 செ.மீ. உயரத்திலோ அதற்கு மேலோ பட வேண்டும் என்று வருகிறது. அதாவது நடு உடம்பில் சரியாகப் பட்டால்கூட நின்றுவிடலாம். முதுகில் பட்டால் விழும், வயிற்றில் பட்டால் விழாது. 6 மில்லிமீட்டர் ரைபிளின் 6.8 கிராம் குண்டு என்றால் நிலைமை இன்னும் மோசம். இவை தோராயக் கணக்குகள். உருவத்தின் தடிமனும் பாதத்தின் அளவும் மாறினால் எண்களும் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது: தேவையான உந்தம், பின்பக்கம் இருக்கும் பாதத்தின் நீளத்தோடு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும்.

பின்னுக்குத் தள்ளி வைப்பதன் சூட்சுமம் இதுதான். பாதத்தின் பின்பாதியில் 2.5 செ.மீட்டரைத் தாங்கிக்கு வெளியே தொங்கவிட்டால், உருவம் சாயும் அச்சு தாங்கியின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. தேவையான உந்தம் பாதியாகிறது. முன்பு 44 செ.மீ. உயரத்தில் பட வேண்டிய அதே குண்டு இப்போது 22 செ.மீட்டரில் பட்டாலே போதும், அதாவது காலுக்குக் கொஞ்சம் மேலே எங்கே பட்டாலும் கடா விழும். அதனால்தான் பல மைதானங்களில் கடாவை மட்டும் இப்படி வைக்கிறார்கள். கோழி, பன்றி, வான்கோழிக்கு வழக்கமாக இது தேவைப்படாது. அவை எடை குறைந்தவை, தூரமும் குறைவு.

வைக்கலாமா என்றால், நீங்கள் எந்த அமைப்பின் விதிப்படி போட்டி நடத்துகிறீர்களோ அதன் நடப்பு விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ரைபிள், கைத்துப்பாக்கி, கருமருந்து ரைபிள் என்று பிரிவுக்குப் பிரிவு வாசகம் வேறுபடும், பதிப்புக்குப் பதிப்பும் மாறும். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: போட்டி தொடங்கும் முன் ஒரு முடிவு எடுத்து எல்லோருக்கும் அறிவியுங்கள்; கடைசிக் குண்டு வரை அதை மாற்றாதீர்கள். மதியம் யாரோ முறையிட்டார் என்று நடுவில் மாற்றினால், காலையில் சுட்டவர்கள் வேறொரு போட்டியில் சுட்டவர்களாகிவிடுகிறார்கள்.

தள்ளி வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. தாங்கி பின்பக்கம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் கடாவின் எடை மையம் 6.6 மில்லிமீட்டர் பின்னுக்குப் போகும். முழுப் பாதமும் தாங்கியில் இருந்தால் அது 13 சதவீத வித்தியாசம், பொறுத்துக்கொள்ளலாம். 2.5 செ.மீ. தொங்கும்போது அதே ஒரு டிகிரி 27 சதவீதமாகிவிடும். ஒரு டிகிரி என்பது 10 செ.மீ. அகலத் தாங்கியில் 1.75 மில்லிமீட்டர் உயர வித்தியாசம்தான். பாதத்துக்கடியில் மாட்டிய ஒரு சிறு கல் போதும். ஆகவே தள்ளி வைக்க முடிவு செய்தால் மட்டம் பார்க்கும் வேலை இரட்டிப்பாகிறது என்று அர்த்தம்.

தாங்கிக்குப் பழைய ரயில் தண்டவாளம், சி-சேனல், கனமான ஆங்கிள், மரத்தூலத்தின் மேல் பதித்த இரும்புத் தகடு என்று எல்லாம் பயன்படுகின்றன. என் தேர்வு மரத்தூலத்தின் மேல் பட்டைத் தகடு. தாழ்வாக வரும் குண்டை மரம் வாங்கிக்கொள்ளும். இரும்பின் முன்முகத்தில் பட்டால் ஈயச் சிதறல் மேலே தெறித்து உருவத்தின் காலை அரிக்கும், அதிர்ச்சி வரிசை முழுவதையும் ஆட்டும். நேராக வெறும் மண்ணில் வைக்காதீர்கள். முதல் மழையில் ஒரு முனை இறங்கிவிடும். இரண்டு முனையிலும் நடுவிலும் கான்கிரீட் அடி கொடுத்து, போல்ட்டில் உயரம் திருத்தும்படி வைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை சரிசெய்தால் போதும். ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள்தான் அதிகம். நீளவாக்கில் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. குறுக்காக, அதாவது சுடுபவரிடமிருந்து, குண்டுகளைத் தடுக்கப் பின்னால் இருக்கும் மண்மேட்டை நோக்கிய திசையில், ஒவ்வொரு உருவம் நிற்கும் இடத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். முறுக்கிக்கொண்ட சேனலில் முதல் இடம் முன்னுக்கும் ஐந்தாவது இடம் பின்னுக்கும் சாய்ந்திருப்பது சாதாரணம். வெல்டிங் சூட்டிலேயே அது முறுக்கிக்கொள்ளும். பின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் தள்ளி வைக்கும் அளவே பொய்யாகிவிடும். அரம் போட்டு நேராக்குங்கள் அல்லது தகட்டை மாற்றுங்கள்.

தூரத்தை, சுடும் கோட்டிலிருந்து உருவம் நிற்கும் இடம் வரை அளக்க வேண்டும். பலர் மண்மேட்டின் அடிவரை அளந்துவிடுகிறார்கள். 500 மீட்டரில் குண்டு இறங்கி வரும் சரிவு ஏறக்குறைய நூற்றுக்கு 0.7. 5 மீட்டர் பிழை இருந்தால் குண்டு சுமார் 3.5 செ.மீ. ஏறியோ இறங்கியோ படும். இது எல்லோருக்கும் பொதுவான பிழை என்பதால் நியாயம் கெடாது, ஆனால் வேறு மைதானத்தில் சரிபார்த்த பார்வைக் கருவியோடு வருபவர் முதல் கடாவைத் தவறவிடக்கூடும். தாங்கி சுடும் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்பதையும் அப்போதே நூல் பிடித்துப் பார்த்துவிடலாம்.

இனி உருவத்தின் பாதம். ‘டங்’ சத்தத்துக்குப் பின்னால் உள்ள குற்றவாளி பாதிக்கு மேல் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதால் பாதத்தடியில் அடுக்கடுக்காகப் பெயின்ட் சேரும். வெயிலில் அது இளகி இரும்போடு இரும்பை ஒட்டிவிடும். பாதத்தடியிலும் தாங்கியின் மேற்பரப்பிலும் பெயின்ட் படக்கூடாது என்பதை உதவியாளர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உருவம் தாங்கியில் நிற்கும்போதே பெயின்ட் அடித்தால் கணுக்காலுக்கு மேலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பி பிரஷும் சுரண்டியும் எப்போதும் பையில் இருக்கட்டும். துருத்திக்கொண்டிருக்கும் வெல்டு மணி, குண்டு சிதறி ஒட்டிய ஈயப் பிசிறு இரண்டையும் தேய்த்து எடுங்கள். சமதரையில் வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். நாற்காலிபோல ஆடினால் அந்த உருவம் பட்டறைக்குப் போக வேண்டும்.

எல்லாம் ஒரே மாதிரி நிற்கிறதா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. விமானப் பயணப் பெட்டியை எடைபார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். கடாவின் நடு உடம்பில், எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில், கயிறு கட்டிப் பின்பக்கம் மெதுவாக, தரைக்கு இணையாக இழுங்கள். முன்பாதம் தூக்கும் கணத்தில் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கடா முழுப் பாதத்தில் நின்றால் சுமார் 3 கிலோ காட்டும். 2.5 செ.மீ. தொங்கினால் சுமார் ஒன்றரை கிலோ. உங்கள் உருவத்தில் எண் வேறாக இருக்கலாம், அது முக்கியமில்லை. ஐந்திலும் ஒரே எண் வருகிறதா என்பதே சோதனை. நான்கு ஒன்றரை காட்டி ஒன்று மட்டும் இரண்டேகால் காட்டினால், உங்கள் வாக்குவாதத்துக்குக் காரணமான கடா அதுவாகத்தான் இருக்கும். மட்டம், பாதம், எடை என்று வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு உருவத்தையும் ஒருமுறை எடைபோட்டு, தகட்டின் பின்முகத்தில் வெள்ளைப் பெயின்டில் எழுதிவைப்பது நல்லது. ஒரே வரிசையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது என் அளவுகோல்; அது விதியல்ல.

தள்ளி வைக்கும் அளவைக் கண்ணால் பார்த்து வைக்கவே வைக்காதீர்கள். தாங்கியின் பின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி எல் வடிவத்தில் ஒரு சிறு இரும்புத் துண்டை வளைத்து, 2.5 செ.மீ. நாக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பாதம் நாக்கின் முனையைத் தொட்டதும் சரி. நாற்பது கடாவை நான்கு பேர் அடுக்கினாலும் ஒருவர் அடுக்கியதுபோல இருக்கும்.

காற்றைப் பற்றி வான்கோழியிடம்தான் கேட்க வேண்டும். உயரமான உருவம், அகலமான வால், குறுகிய கால். 3/8 அங்குலத் தகட்டில் வெட்டிய உருவத்துக்குப் பின்னால் 5 செ.மீ. பாதம் இருந்தால், மணிக்கு 47 கி.மீ. அளவிலான காற்றுதான் அதைச் சாய்க்கும் என்று கணக்கு வருகிறது. அதையே 2.5 செ.மீட்டராகக் குறைத்தால் 33 கி.மீ. காற்றே போதும். அரிசோனாவின் பிற்பகல் காற்றுக்கு அது ஒன்றும் பெரிய வேகமில்லை. காற்றில் விழுந்தது புள்ளியாகாது. மறுபடி நிறுத்த ஆள் நடக்க வேண்டும், நேரம் போகும். வான்கோழியை முழுப் பாதத்தில் நிறுத்தச் சொல்வது இதனால்தான். பக்கத்து உருவங்களுக்கு நடுவில் குறைந்தது ஒரு உருவத்தின் அகலம் இடைவெளி விடுங்கள். அடிபட்டுச் சுழன்று விழுவது பக்கத்தில் நிற்பதையும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. ஐந்தாவதற்கும் அடுத்தவர் வரிசையின் முதலாவதற்கும் நடுவில் அதைவிடக் கணிசமாக அதிகம் விடாவிட்டால், பதற்றத்தில் பக்கத்து வரிசையைச் சுடுபவர் நிச்சயம் ஒருவர் இருப்பார்.

தகடு விஷயத்தில் கஞ்சத்தனம் ஆபத்து. ஏ.ஆர்.500 என்கிற கடினப்படுத்திய எஃகு, உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் அளவில் 500-ஐ ஒட்டிய கடினம் உள்ளது. சாதாரண மைல்டு ஸ்டீல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. மைல்டு ஸ்டீலில் ரைபிள் குண்டு பள்ளம் தோண்டும். அடுத்த குண்டு அந்தப் பள்ளத்தில் பட்டால் சிதறல் சுடுபவரை நோக்கியே திரும்பி வரும். வழவழப்பான தட்டை முகத்தில் பட்டால் சிதறல் பெரும்பாலும் தகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் பறக்கும். கடினத் தகடாக இருந்தாலும் காலில் பாதத்தை வெல்டு செய்யும்போது அந்த இடம் சூட்டில் மென்மையாகிவிடும். அதனால்தான் கணுக்கால் முதலில் வளைகிறது, அங்கேயே விரிசலும் விடுகிறது. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் கணுக்காலைப் பாருங்கள். எப்போதும் ஒரே முகத்தில் அடிவாங்கும் தகடு, ஒரு பக்கமே சுத்தியலால் அடித்ததுபோல மெல்ல வளையும். நடுப்பாத உருவமாக இருந்தால் அவ்வப்போது முன்பின் திருப்பி வைக்கலாம். சுடுபவர்கள் கொண்டுவரும் தோட்டாவில் காந்தம் வைத்துப் பாருங்கள். குண்டு ஒட்டினால் உள்ளேயோ உறையிலோ இரும்பு இருக்கிறது. அந்தப் பெட்டி வண்டிக்கே திரும்பட்டும்.

போட்டி நாளில், எல்லாத் துப்பாக்கியும் காலியாகி, தோட்டா அறையை மூடும் போல்ட் திறந்து, அறை காலி என்று காட்டும் அறைக்கொடி தெரிய வைக்கப்பட்ட பிறகு, ஒருவரும் அவற்றைத் தொடவில்லை என்று மைதான அதிகாரி வாயால் உறுதி சொன்ன பின்தான் முன்னால் காலெடுத்து வைக்க வேண்டும். அடுக்குபவருக்குத் தோல் கையுறை, கண்ணாடி, மூடிய ஷூ கட்டாயம். குண்டு அரித்த விளிம்பும் ஈயப் பிசிறும் பிளேடுபோல வெட்டும். கோடை வெயிலில் கறுப்பு இரும்பு கையைச் சுடும். தாங்கிக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் கடாவுக்கடியில் நிழல் இருக்கும், அந்த நிழலைத் தேடிக் கிலுகிலுப்பைப் பாம்பும் தேளும் வரும். கம்பால் புரட்டிவிட்டுப் பிறகு தூக்குங்கள். நான்கு பேர் சுடும் மைதானத்தில் ஆளுக்கு இரண்டு வரிசை, பத்து என்று நாற்பது கடா என்றால் கிட்டத்தட்ட 900 கிலோ. முட்டியை மடக்கித் தூக்குங்கள், இருவர் இருவராக மாறிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது, ஈயம் உடம்புக்குள் போகும் முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று.

.22 பிரிவும் தொடங்குவதாக இருந்தால் நல்ல செய்தி: உருவம் ஐந்தில் ஒரு பங்கு, தூரமும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40, 60, 77, 100 மீட்டர். கடா ஆறரை அங்குல நீளம்தான். ஒரு பையன் தூக்கிவிடலாம். ஆனால் பாதமும் சிறியது என்பதால் ஒரு கூழாங்கல்லோ காய்ந்த சேறோ செய்யும் கெடுதல் ஐந்து மடங்கு. அங்கே ரசமட்டத்தைவிடத் துடைக்கும் துணிதான் அதிகம் வேலை செய்யும்.

அடுத்த முறை கடா ஒலித்துவிட்டு நின்றால், சுற்று முடிந்ததும் யாரும் தொடுவதற்கு முன் நீங்கள் போய்ப் பாருங்கள். புதுப் பெயின்டில் குண்டு பட்ட இடம் சாம்பல் நிறத்தில் தெரியும். பாதத்திலிருந்து அதன் உயரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். பாதம் முதலில் வைத்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதையும் அளந்து, அதே இடத்தில் கொக்கித் தராசைப் போட்டுப் பாருங்கள். பட்டது காலில், தராசும் மற்றவற்றோடு ஒத்துப்போகிறது என்றால் நடுவரின் தீர்ப்பில் யாரும் வாய்திறக்க மாட்டார்கள். தராசு கூடுதலாகக் காட்டினால் புள்ளி மாறாது என்றாலும், அந்த இடத்தைச் சரிசெய்த பிறகே அடுத்தவரைச் சுடக் கூப்பிடுங்கள்.